காப்பார் கடலில் தண்ணீர் பின்பக்கமாக வரும்

காப்பாரில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆனாலும் பதினேழு வயது வரை கடலில் தூண்டில் போட்டதில்லை. எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரத்தில் கடல் வந்துவிடும். அப்படியிருந்தும் எங்களுக்குத் தெரிந்த மீன்பிடி எல்லாம் தோட்டத்துப் பாரிட்டோடு சரி. செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஓடும் அந்த வடிகாலில் மூங்கில் கழியும் மண்புழுவும் வைத்துப் பூயு பிடிப்போம், கெளுத்தி பிடிப்போம். அதிர்ஷ்டம் இருந்தால் ஆருவான் மாட்டும். ஆருவான் என்றால் விரால்தான். யாருக்காவது அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் அந்த மீன் எங்கள் சட்டியை விட்டு அவர்கள் வீட்டுச் சூப்புக்குப் போய்விடும்.

கடல் பக்கம் ஏன் போகவில்லை என்று பிறகு யோசித்திருக்கிறேன். கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நாம். ஆனால் கப்பலை விட்டு இறங்கிய தாத்தாக்களை ரப்பர் காட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள். கடலோரத்தில் மலாய்க்காரர்களும் சீனர்களும் மீனவக் கிராமங்கள் அமைத்தார்கள். சில கிலோமீட்டர் இடைவெளிதான், ஆனால் கடலைப் பற்றிய அறிவு அந்தத் தூரத்தைக் கடந்து தோட்டத்து லயத்துக்கு வரவில்லை. எனக்கு அது எவ்வளவு ஆபத்தான குறை என்பது எஸ்.பி.எம். தேர்வு முடிந்த விடுமுறையில் தெரிந்தது.

அந்த விடுமுறையில் நானும் மச்சானும், அதாவது என் தாய்மாமன் மகனும், கைப்பேசியில் ஓயாமல் மீன்பிடிக் காணொளிகள் பார்த்தோம். எல்லாம் ஆஸ்திரேலியக் கடற்கரைகள். நீண்ட வெண்மணல், அடுக்கடுக்காக உடையும் அலை. முழங்கால் தண்ணீரில் நின்றபடி ஒருவர் பதின்மூன்று அடிக் கழியை வளைத்து வீசுகிறார். ஈயக் குண்டு அலைகளுக்கு அப்பால் போய் விழுகிறது. மாமாவிடம் அதேபோல் ஒரு நீளக் கழி இருந்தது. துறைமுகத்தில் ஓவர்டைம் செய்த காசில் வாங்கியது. வருடத்தில் இரண்டு மூன்று முறை கிழக்குக் கரைக்குப் போகும்போது மட்டும் எடுப்பார். மற்ற நாளில் துணி சுற்றி அலமாரிக்குப் பின்னால் நிற்கும்.

அதை அவரிடம் கேட்காமல் எடுத்தோம். முதல் தவறு அது.

இரண்டாவது தவறு, காணொளியில் பார்த்த கடல்தான் காப்பாரிலும் இருக்கும் என்று நம்பியது. மலாக்கா நீரிணை ஒடுங்கியது. எதிரே சுமத்ரா தீவு மறைத்து நிற்கிறது. பெரிய அலை எழும்ப வேண்டுமானால் காற்று தண்ணீர்மேல் நீண்ட தூரம் தடையில்லாமல் வீச வேண்டும். இங்கே அதற்கு இடமில்லை. அலை வலுவாக இல்லாத இடத்தில் ஆறுகள் கொண்டுவரும் நுண்ணிய வண்டல் அடித்துச் செல்லப்படாமல் படிந்துவிடும். கிள்ளான் ஆறும் சிலாங்கூர் ஆறும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டியதுதான் நம் கரையோரச் சேறும் அதில் வேரூன்றிய அலையாத்திக் காடும். மணல் பார்க்க வேண்டுமென்றால் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் வடக்கே ஜெராம் பக்கம் பந்தாய் ரெமிஸ் வரை போகலாம். அங்கும் தண்ணீர் வடிந்தால் தெரிவது சேறுதான்.

ஆக, காப்பார் கரையில் அலை இல்லை. அதற்குப் பதிலாக இருப்பது ஏற்ற வற்றம். பாடநூலில் ஓதம் என்று படித்திருப்பீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கிள்ளான் துறைமுகப் பகுதியில் கடல்மட்டம் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்குகிறது. ஒரு மாடி வீட்டு உயரத்துக்குத் தண்ணீர் வருவதும் போவதுமாக இருக்கிறது, அதுவும் ஒரு நாளில் இரண்டு முறை. கம்போங் தோக் மூடா பக்கம் பெரிய ஏற்றத்தின்போது கடல்நீர் கரைமேட்டைத் தாண்டி வீடுகளுக்குள் புகுந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

நாங்கள் போனது பௌர்ணமிக்கு மறுநாள். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

மதியம் ஒன்றரை மணி இருக்கும். கரைமேட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தால் கடலையே காணோம். பல நூறு மீட்டர் தூரத்துக்குச் சாம்பல் நிறச் சேறு மின்னியது. தூரத்தில் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். சேற்றில் நூற்றுக்கணக்கில் உள்ளான் குருவிகள் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தன. நடுவில் ஓரிடத்தில் சிப்பி ஓடுகள் சேர்ந்து கெட்டிப்பட்ட ஒரு திட்டு இருந்தது. அதற்கு அப்பால்தான் தண்ணீர். திட்டில் ஏறி வீசினால் காணொளியில் பார்த்த மாதிரியே இருக்கும் என்றான் மச்சான். போகும் வழியில் ஓர் அலூர், அதாவது சேற்றுக்குள் ஓடும் இயற்கையான வாய்க்கால், குறுக்கிட்டது. கணுக்கால் அளவு தண்ணீர். சிரித்துக்கொண்டே தாண்டினோம்.

மீன் கடித்தது. அதுதான் வினை. முதல் அரை மணி ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் ஏற ஏற நிமிடத்துக்கு நிமிடம் கழி ஆடியது. கெலாமா, கெலாமா, மறுபடியும் கெலாமா. இதன் காரணம் இப்போது எனக்குத் தெரியும். வற்றத்தின்போது அந்தச் சேறு பறவைகளின் சாப்பாட்டுக் கடை. புழு, இறால் குஞ்சு, நண்டு எல்லாம் அங்கே இருக்கின்றன. தண்ணீர் மூடத் தொடங்கியதும் கடை கைமாறுகிறது. மீன்கள் ஏற்றத்தின் முன்விளிம்போடு மேயவருகின்றன. ஆகவே மீன் நன்றாகக் கடிக்கும் நேரமும் தண்ணீர் வேகமாக ஏறும் நேரமும் ஒன்றுதான். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கழி ஆடுகிறது என்பது மட்டுமே.

மூன்றேகால் மணிக்குக் கரைமேட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். வயதான ஒரு பாக்சிக். இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு, "ஆயிர் நாயிக்! பாலிக்! பாலிக்!" என்றார். தண்ணீர் ஏறுகிறது, திரும்பி வாருங்கள். நாங்கள் முன்னால் பார்த்தோம். திட்டின் விளிம்பில் தண்ணீர் இன்னும் எட்டாமல்தான் இருந்தது. அவர் ஏன் பதறுகிறார் என்று விளங்கவில்லை. பிறகு திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நடந்து வந்த சேறு அங்கே இல்லை. எங்களுக்கும் கரைக்கும் நடுவே பழுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மேடான திட்டில் நிற்பவனுக்குக் கடல் முன்பக்கமாக வருவதில்லை. தாழ்வான வாய்க்கால்கள் வழியே சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வருகிறது.

மச்சானுக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரிந்ததும் நகராட்சி நீச்சல் குளத்து நீச்சல். அலூரை நெருங்கியபோது தண்ணீர் என் மார்புக்கு வந்தது. இழுப்பும் இருந்தது. பாதி வழியில் மச்சானின் வலது கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்துவிட்டது. இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. அவன் முகத்தை நான் மறக்கமாட்டேன், கத்தக்கூட இல்லை. கரையிலிருந்து பாக்சிக் படுப்பதுபோல் உடம்பைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். அது புரிய எனக்குச் சில வினாடிகள் ஆயின. சேற்றில் புதைந்த காலை நேராக மேலே இழுத்தால் அடியில் வெற்றிடம் உண்டாகி, அது காலை மேலும் கவ்வும். உடம்பைப் பின்னால் சாய்த்து எடையைப் பரப்பி, காலை மெதுவாக அசைத்து அசைத்துத் தண்ணீர் உள்ளே புக விட வேண்டும். மச்சானின் அக்குளில் கை கொடுத்துச் சாய்த்தேன். கால் வந்தது. செருப்பு வரவில்லை. மாமாவின் கழி என் கையிலிருந்து எப்போது போனது என்று இன்றுவரை தெரியாது.

பாக்சிக் எங்களைத் திட்டவில்லை. வீட்டுக் குழாயில் கழுவிக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தேநீர் கொடுத்தார். மாமாவும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மூன்று நாள் அவர் எங்கள் இருவரோடும் பேசவே இல்லை. நான்காம் நாள் இரவு ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். பூலாவ் இண்டாவில் இருக்கும் தேசிய நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஏற்ற வற்ற அட்டவணையில் ஒரு பக்கம் அது. அரச மலேசியக் கடற்படையைச் சேர்ந்த மையம்.

"போன சனிக்கிழமைய எடு. வற்றம் எத்தன மணிக்கு?"

"பன்னெண்டு நாப்பதுக்கு மாமா."

"ஏற்றம்?"

"ஆறே முக்காலுக்கு."

"அப்போ மூணு மணிக்கு எவ்வளவு தண்ணி? கணக்குப் போடு."

ஆறு மணி நேரத்தில் 4 மீட்டர் என்றால் மூன்று மணிக்கு இவ்வளவு என்று நான் நேர்விகிதத்தில் போட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார். அன்றுதான் பன்னிரண்டில் பங்கு விதியைக் கற்றுக்கொடுத்தார். கப்பலோட்டிகள் காலங்காலமாகப் பயன்படுத்தும் மனக்கணக்கு அது. ஏற்றத்தின் முதல் மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே ஏறும். இரண்டாம் மணியில் இரண்டு பங்கு. மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு. பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. கூட்டிப்பாருங்கள், பன்னிரண்டு வரும். 4 மீட்டர் ஏற்றமானால் முதல் மணி நேரத்தில் வெறும் 33 சென்டிமீட்டர். "ஒன்றும் ஆகவில்லையே" என்று நம்பவைக்கும் நேரம் அது. மூன்றாம் மணியிலோ ஒரே மணி நேரத்தில் முழுதாக ஒரு மீட்டர்.

இனி இதைக் கிடைமட்டத்துக்கு மாற்றுங்கள். சேற்றுக்கரை ஒரு கிலோமீட்டருக்கு 2 மீட்டர்தான் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 1 மீட்டர் உயர்ந்தால் விளிம்பு 500 மீட்டர் முன்னேறும். மூன்றாம் மணியில் அது நிமிடத்துக்கு எட்டு மீட்டருக்கும் மேல். தார்ச்சாலையில் அது ஆமை வேகம். முழங்கால் சேற்றில் கால் பிடுங்கிப் பிடுங்கி நடப்பவனுக்கு அது ஆமை வேகமல்ல.

"சரி. மூணேகாலுக்கு நீங்க ரெண்டு பேரும் எங்க நின்னீங்க?" என்று கேட்டார் மாமா. நாங்கள் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. தாளை மடித்துக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போனார். அடுத்தடுத்த மாதத் தாள்கள் அதே காந்தத்தில் மாறிக்கொண்டே இருக்கின்றன.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தூண்டில் போடுகிறேன், ஆனால் கரைமேட்டை விட்டு இறங்குவதில்லை. இறங்கத் தேவையும் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஏற்றம் மீனை நம் காலடிக்கே கொண்டுவந்து விடுகிறது. உயர்ந்த ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு போய் உட்கார்ந்து, வடியத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுவேன். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தும். இன்று ஆறு மணி என்றால் நாளை ஏழுக்குச் சற்று முன்பு. பிறை பாதியாக இருக்கும் நாள்களில் தண்ணீர் அதிகம் நகராது. மலாய்த் தூண்டிலாளர்கள் அதை ஆயிர் மாத்தி, செத்த தண்ணீர், என்பார்கள். அந்த நாள்களில் நான் வீட்டில் பாடம் படிக்கிறேன்.

இரைக்கு உம்புன்தான் முதலிடம். சேற்றில் வாழும் இந்தக் கடற்புழுவைக் கரையோரக் கடைகளில் விற்கிறார்கள். உயிருள்ள இறால் கிடைத்தால் செனாங்கினும் சியாக்காப்பும் வரலாம். தமிழில் அவை காலா, கொடுவா. இந்த இரண்டு மீனிலும் ஓர் அதிசயம் உண்டு. அவை ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறுகின்றன. ஆகவே படமெடுத்துப் பெருமைப்பட நினைக்கும் பெரிய மீன் பெரும்பாலும் முட்டையிடும் தாய்தான். பெரியதை விட்டுவிட்டு நடுத்தரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் மாமா. ஒருமுறை சுமார் நான்கு கிலோ சியாக்காப்பை அவர் திரும்ப விட்டபோது மச்சான் கிட்டத்தட்ட அழுதுவிட்டான்.

கெலாமாவைத் தமிழில் கத்தாளை என்போம். தண்ணீரை விட்டு எடுத்ததும் கொர்ரக் கொர்ரக் என்று கத்தும். தொண்டையால் அல்ல, காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து எழுப்பும் சத்தம் அது. அதன் தலைக்குள் வெள்ளையாக இரண்டு கற்கள் இருக்கும். செவிக்கற்கள். சமநிலைக்கும் கேட்பதற்கும் உதவுபவை. மரத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வளையங்கள் மாதிரி இவற்றிலும் வளர்ச்சிக் கோடுகள் உண்டு. மீன்வள ஆய்வாளர்கள் அவற்றை எண்ணித்தான் மீனின் வயதைக் கண்டுபிடிக்கிறார்கள். மாமாவின் இளைய மகள் படிவம் 2 படிக்கிறாள். தீப்பெட்டி நிறைய இந்தக் கற்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள். கடல் அறிவியலை மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகத்தில் படிக்கலாம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதைக்குக் கல் மட்டும் போதுமாம்.

செம்பிலாங் விஷயத்தில் விளையாட்டு கூடாது. விலாங்கு வாலும் மீசையுமாக இருக்கும் இந்தக் கடல் கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத்திலும் விஷமுள்கள் இருக்கின்றன. வலியை வார்த்தையில் சொல்ல முடியாது, எனக்கு ஒருமுறை குத்தியிருக்கிறது. முதலுதவி எளியது. குத்துப்பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், சுமார் 45 பாகையில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். விஷத்தின் புரதம் சூட்டில் செயலிழக்கும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, ஆகவே மற்றக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே அமிழ்த்துங்கள். அதன் பின் மருத்துவமனை. முள் உள்ளே முறிந்திருக்கலாம். திருக்கை வால் முள்ளுக்கும் இதே வழிதான். என் தூண்டில் பெட்டியில் சுடுநீர்க் குடுவை எப்போதும் இருக்கும். குத்தாத நாளில் காப்பி கலக்கலாம்.

காணொளியில் பார்த்த அலையை நான் கடைசியில் பார்த்தது செராத்திங்கில். போன ஆண்டு மாமா அழைத்துப் போனார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருந்த நேரம். அங்கே தென்சீனக் கடல் முழு வீச்சோடு வந்து மணலில் உடைகிறது. வந்ததும் கழியை விரிக்கப் போனேன். கையைப் பிடித்து உட்காரவைத்தார். "மொதல்ல அரை மணி நேரம் பாரு."

பார்த்தேன். அலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உடையவில்லை. ஆழம் குறைந்த மணல்மேடுகளில் வெள்ளையாக நுரைத்து உடைந்தது. மேடுகளுக்கு நடுவே சில இடங்களில் உடையாமல், கருத்த பட்டையாகத் தெரிந்தது. ஆழமான பள்ளம் அது. அலை கலக்கிவிட்ட புழுவும் நண்டும் அங்கே சேரும், மீன் அந்த வழியாக வரும். அங்கே போய் வீசினால் கிழங்கான் கிடைக்கும். கிடைத்தது. ஆனால் கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகும் வழியும் பெரும்பாலும் அந்தக் கருத்த பட்டைதான். இழுவை நீரோட்டம் அங்கேதான் ஓடும். குளிக்க வருபவர்கள், அலை இல்லாமல் அமைதியாக இருக்கிறது என்று அந்த இடத்தைத்தான் தேடி இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்கக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

அங்கே ஈயக் குண்டும் வேறு. காப்பார் சேற்றுக்கு உருண்டையான சிறிய குண்டு போதும். அலைக்கரையில் நான்கு கம்பிக் கால் முளைத்த குண்டு போட்டால்தான் மணலைக் கவ்வி நிற்கும். 100 கிராம் குண்டை முழு வலுவோடு வீசும்போது மெல்லிய தங்சி அறுந்தால் அந்தக் குண்டு தோட்டாபோலப் பறக்கும். அதனால் முன்பகுதியில் தடித்த தங்சி கட்ட வேண்டும். ஒரு அவுன்ஸ் குண்டுக்குப் பத்து பவுண்ட் தாங்குதிறன் என்பது பொதுக்கணக்கு. 100 கிராமுக்கு 35 பவுண்ட் வரும். பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்க்காமல் வீசாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த எச்சரிக்கை என் தலையில் இருக்கும் சிறு தழும்போடு சம்பந்தப்பட்டது, விவரம் வேண்டாம்.

மேற்குக் கரையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலையில் நீரிணைப் பக்கம் கறுப்பாக ஒரு மேகச் சுவர் எழும்பினால், அது சுமத்ரா எனப்படும் புயற்காற்று வரிசையாக இருக்கலாம். பலத்த காற்றும் மின்னலுமாகக் கரையைத் தாக்கும். நான்கு மீட்டர் கார்பன் கழி மின்சாரத்தைக் கடத்தும். திறந்த கரையில் அதை நிமிர்த்திப் பிடித்திருப்பவன் நடமாடும் இடிதாங்கி. முதல் இடி கேட்டதும் கழியைப் படுக்க வைத்துவிட்டு வண்டிக்கோ கட்டடத்துக்கோ போய்விடுவோம்.

போன மாதம் மச்சானோடு காப்பார் கரைமேட்டில் உட்கார்ந்திருந்தேன். அவன் இப்போது நீச்சல் பழகிவிட்டான், ஆனாலும் மேட்டின் கடல்பக்கச் சரிவில் கால் வைப்பதில்லை. தண்ணீர் சேற்றை மூடியதும் உள்ளான்கள் கூட்டமாக எழும்பி மின்நிலையத்தின் சாம்பல் குளங்கள் பக்கம் போயின. ஏற்ற நேரத்தில் அவை ஒதுங்கும் இடம் அது. சைபீரியாவரை பறக்கும் அந்தப் பறவைகளை எண்ண மலேசிய இயற்கைக் கழகத்தினர் அங்கே போயிருக்கிறார்கள். எங்கள் கண்ணுக்கு அவை கடிகாரம். அவை எழும்பினால் மீன் வரும் நேரம்.

கைப்பேசி அடித்தது. நாங்கள் கடலுக்குப் போகும் நாளெல்லாம் மாமா மணிக்கு ஒருமுறை கூப்பிடுவார்.

"கரை ஏறியாச்சா?"

"மேட்டுலதான் மாமா இருக்கோம். எறங்கவே இல்ல. மூணு கெலாமா."

"தலைய வெட்டித் தூக்கிப் போட்டுடாதீங்க. பாப்பாவுக்குக் கல்லு வேணுமாம்."